இரண்டு கறவைக்கு நடுவே ஒரு துப்பாக்கிப் பயிற்சி

புறப்படும் முன்

எங்கள் வீட்டு ஆசாரத்தின், அதாவது கூடத்தின், ஓட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. வெயில் ஏற ஏற அதன் வழியாக விழும் வெளிச்சப் பொட்டு தரையில் மெல்ல நகரும். பத்தரை மணிக்கு அது ஐயனின் கட்டில் காலைத் தொட்டுவிடும். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயன் என்றுதான் கூப்பிடுவோம். மழை வந்தால் அதற்கு நேர் கீழே ஒரு பக்கெட் வைப்போம். ஓடு மாற்ற ஆள் வரும்போதெல்லாம், "அது மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்.

அந்த ஓட்டைக்கு நானும் ஒரு காரணம். அப்போது எனக்கு ஒன்பது வயது. கம்பு போட்டு வைக்கும் குதிருக்குப் பின்னால் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கின இரட்டைக் குழல் துப்பாக்கி சாத்தியிருக்கும். பங்காளி வீட்டுப் பையன் அதைத் தூக்கினான், நான் குழலைப் பிடித்து இழுத்தேன். உள்ளே தோட்டா இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஐயனுக்கும் நினைவில்லை என்பதுதான் கொடுமை. ஓடு சில்லு சில்லாகக் கொட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களை இரண்டு சாத்து சாத்திவிட்டு, அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

இப்போது அவருக்கு 74 வயது. லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறார். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். ஐயனுக்கு இரண்டுமே ஆகிவிட்டன. ஆனால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வந்த பிறகு வெறும் மனு போதாது. துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்து, எஸ்-1 படிவத்தில் சான்று வாங்கி இணைக்க வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர் சான்றும் வேண்டும்.

"அறுவது வருசமா ஊட்டுல கெடக்கற சாமானுக்கு இப்பப் போய்ப் படிச்சிட்டு வரோணுமாக்கும்?" என்று ஐயன் சிரித்தார். நான் ஓட்டையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

என் மனைவியின் கேள்வி வேறு. "அதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க? ஒப்படைச்சிட்டா என்ன?" நியாயமான கேள்விதான். வெள்ளாமையைக் காக்க என்று வாங்கினது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மயில் மேலும் பன்றி மேலும் கை வைக்க முடியாது. காட்டுப் பன்றி விஷயத்தில் 2025இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அழிச்சாட்டியம் செய்யும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியது வனத்துறைதான், தோட்டத்துக்காரன் இல்லை. ஆக, எங்கள் துப்பாக்கி ஊருக்குள் போகும் ஒரே இடம் போலீஸ் ஸ்டேஷன். தேர்தல் வந்தால் ஒப்படைப்போம், முடிந்தால் வாங்கி வருவோம். ஐயனைவிட அதிகத் தேர்தல் வேலை பார்த்தது அதுதான்.

ஆனாலும் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வீட்டில் இருக்கும் என்றால், இருக்கிற வீட்டில் ஒருத்தனுக்காவது அதை ஒழுங்காகத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே போய்ப் படிப்பது, எவ்வளவு தூரம் போவது என்பதற்குத்தான் இந்தப் பயணம். ஆடிப் பட்டத்தில் ஊரே விதைக்கிற யோசனையில் இருக்கும்போது இவன் துப்பாக்கி படிக்கப் போகிறான் என்று இட்டேரியில் எதிர்ப்பட்ட எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

முதல் நாள் – 8 கிலோமீட்டர்

ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் தோட்டத்திலிருந்து பைக்கில் கால் மணி நேரம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. உள்ளே மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் துப்பாக்கியின் பாகங்களைக் காட்டும் ஒரு படம்.

"ரெண்டு போட்டோ, ஆதார் நகல் குடுங்க. நாளான்னிக்கு வாங்கிக்கலாம்" என்றார் இருந்தவர்.

"பயிற்சி?"

"அதெல்லாம் பேப்பர்ல வந்துருமுங்க."

"துப்பாக்கி ஏதாவது காட்டுவீங்களா?"

சுவரில் இருந்த படத்தைக் கையால் காட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உடனே கோபித்துக்கொண்டு இறங்கி வரவில்லை. கீழே வந்து டீ குடித்தபடி அரை மணி நேரம் யோசித்தேன். பக்கத்திலேயே இருக்கிறது, அலைச்சல் இல்லை, ஐயனுக்கும் சந்தோஷம். அந்தக் கேடுகெட்ட அரை மணி நேரத்தில் டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் ஆடு செத்த கதை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது இப்போது தினக் கதை. வெள்ளகோவில், காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிவிட்டுப் போகின்றன. நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்த செய்தியெல்லாம் படித்திருப்பீர்கள். "உங்க ஊட்டுலதான் துப்பாக்கி இருக்குதே, ரெண்டு போட்டுத் தள்ளறதுக்கு என்ன?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

நாயைச் சுடுவதும் குற்றம்தான், அது அவருக்கும் தெரியும். ஆனால் பட்டியில் பத்து ஆடு தொண்டை கிழிந்து கிடக்கும் காலையில் யாருக்கும் சட்டம் ஞாபகம் வராது. அந்தக் காலையில் துப்பாக்கி வீட்டில் இருந்து, கையில் வெறும் காகிதச் சான்று மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? டீ டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள் – கோயம்புத்தூர்

பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அம்மா வலுக்கட்டாயமாகக் குடையைக் கையில் திணித்தார். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைப் பக்கம் சாரலைக் கொண்டுவரும், எங்கள் பக்கம் வெறும் புழுதியைத்தான் கொண்டுவரும். இந்தக் காற்றில் குடை விரித்தால் நான்தான் பறப்பேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. அந்தக் குடை இப்படி என் வாத்தியார் ஆகும் என்று அப்போது தெரியாது.

பல்லடம் வரை காற்றாலைகள் வெறி பிடித்ததுபோலச் சுற்றின. சூலூரில் விமானப் படைத் தளத்துக்கு மேலே ஒரு போர் விமானம் காதைப் பிளந்துகொண்டு போனது. பஸ்ஸில் ஒருவர்கூடத் தலை தூக்கவில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒன்பதே காலுக்குச் சிங்காநல்லூர். அங்கிருந்து டவுன் பஸ்.

சுடுதளம் என்றதும் வெடிச்சத்தமும் மருந்து வாசனையுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் முதலில் நுழைந்த கூடம் லைப்ரரி மாதிரி இருந்தது. 10 மீட்டர் ஏர் ரைபிள் தளம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தடித்த கேன்வாஸ் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, சிலை மாதிரி நிற்கிறார்கள். அவ்வப்போது "டப்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

பயிற்சியாளர் ஓர் இலக்கு அட்டையைக் கையில் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டம், குறுக்களவு 45.5 மில்லிமீட்டர். நடுவில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் தொட்டு எடுத்தால் வருமே, அந்தப் பொட்டு. சுடுகிற பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர், அதாவது பொட்டைப் போல ஒன்பது மடங்கு. இதை 10 மீட்டர் தூரத்தில் இருந்து அடித்துத்தான் 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார், இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம்.

"நான் வந்தது பன்னெண்டு போர் துப்பாக்கிக்குங்க" என்றேன். எங்கள் வீட்டு இரட்டைக் குழல் அந்த வகைதான்.

"தெரியுமுங்க. மொதல்ல இதைப் பாருங்க."

எனக்கும் பத்துப் பெல்லட் கொடுத்தார். முதல் மூன்று அட்டையிலேயே இல்லை. நாலாவது ஓரத்தைக் கிழித்தது. விசையை இழுக்கும்போது எனக்கே தெரியாமல் தோள் முன்னால் பாய்கிறதாம். "வெடிக்குமேன்னு உடம்பு பயந்துக்குது. ஒன்பது வயசுல ஏதாச்சும் நடந்ததுங்களா?" என்று கேட்டார். ஒன்பது வயது என்று அவர் எதேச்சையாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த பெண் உடுமலையிலிருந்து வருகிறாள், பத்தாவது படிக்கிறாள். அவள் அப்பா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்டதெல்லாம் தூரத்தைப் பற்றித்தான். வாராவாரம் இவ்வளவு தூரம் கட்டுபடி ஆகிறதா?

"சனி ஞாயிறு ரெண்டு நாள்தானுங்க இங்க. மத்த அஞ்சு நாள் ஊட்டுலயே. செவுத்துல ஒரு பொட்டு வெச்சிருக்கறா. பெல்லட்டே போடாம, வெறும் துப்பாக்கியைப் பிடிச்சு நின்னுக்கறா, குறி வெக்கறா, விசையை அமுத்தறா. ஒரு மணி நேரம். அதுதான் படிப்பு. இங்க வர்றது அந்த அஞ்சு நாள்ல என்ன தப்புப் பண்ணிருக்கறான்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

டிரை பிராக்டிஸ் என்று இதற்குப் பெயர். பெரிய சுடுவீரர்கள்கூட இப்படித்தான் பழகுவார்களாம். கிலோமீட்டர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்த எனக்கு அங்கேதான் முதல் குழப்பம். படிப்பு வீட்டில் நடக்கிறது என்றால், எதற்காக எவ்வளவு தூரம் போகிறோம்?

பன்னிரண்டு போருக்கு வேறு அறை. கிளப்பின் துப்பாக்கிதான். ஐயன் பெயரில் இருப்பதை நான் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போக முடியாது, லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் இருக்க வேண்டும். பயிற்சியாளர் அதை எடுத்தார், குழலை ஒடித்தார், அதாவது மடக்கித் திறந்தார், இரண்டு துளையையும் வெளிச்சத்தில் காட்டினார், ஒடித்த நிலையிலேயே என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் படக்கென்று மூடினேன். வாங்கிக்கொண்டார். மறுபடி ஒடித்தார், மறுபடி நீட்டினார்.

"நான் காலின்னு காட்டினேன். நீங்க பாத்தீங்களா?"

"நீங்கதான் காட்டினீங்களே."

"நான் காட்டினது எனக்கு. நீங்க பாக்கறது உங்களுக்கு."

இப்படியே ஒரு மணி நேரம். ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. வாங்கு, பார், குழலை ஆள் இல்லாத திசையில் வை, விரலை விசைக்கு வெளியே நீட்டி வை, திருப்பிக் கொடு. நடுவில் ஒரு முறை பேச்சு சுவாரசியத்தில் குழல் நுனி அவர் முழங்காலைக் கடந்து போனது. சத்தம் போடவில்லை. எட்டிப் பிடித்துத் தரையைப் பார்க்க வைத்துவிட்டு, "இப்ப என் காலு போயிருச்சுங்க" என்றார்.

பன்னிரண்டு போர் என்றால் என்ன என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்த்தால் ஒரு பவுண்டு எடை வருமாம். அளவு வந்தது அங்கிருந்துதான். தோட்டாவுக்குள் இருக்கிற ரவை, அதாவது சின்ன ஈய மணிகள், 35, 40 மீட்டருக்கு மேல் குறிக்கு உதவாது. ஆனால் அதற்காக அங்கேயே விழுந்துவிடாது. சின்ன ரவைகூட 200 மீட்டர் தாண்டிப் போகும் என்றார். எங்கள் தோட்டத்து மேற்கு வேலியிலிருந்து பெரியப்பா வளவு 150 மீட்டர் இருக்கும். ஐயன் அந்தத் திசையில்தான் கிளி விரட்ட வெடிப்பார். பெரியம்மா ஏன் அந்த நேரத்தில் பாத்திரம் விளக்க வெளியே வரமாட்டார் என்பது இப்போது புரிந்தது.

கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார், ஈயம் ஒட்டியிருக்கும். எட்டுச் சனிக்கிழமை வர வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து என்றார். பிறகு என் குடையைப் பார்த்தார்.

"அடுத்த தடவை வர்ற வரைக்கும் இதுதானுங்க உங்க துப்பாக்கி. உள்ள தோட்டா இருக்குதுன்னு நெனச்சுக்குங்க. நுனி எந்த மனுசனையும் பாக்கக் கூடாது. எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு எண்ணி வெச்சுட்டு வாங்க."

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்குள் பதினோரு பேர் காலி.

மூன்றாம் நாள் – கரூர், மாயனூர்

கரூரில் அக்கா வீடு. மாமா கொசுவலை வியாபாரம். கோயம்புத்தூரே போதாது, திருச்சிக்குப் போக வேண்டும் என்று போன வாரத்திலிருந்தே அவர் கட்சி.

காங்கேயம்–கரூர் பஸ்ஸில் குடையோடு நின்று பார்த்தால்தான் தெரியும். அக்குளில் வைத்தால் நுனி பின்னால் நிற்பவர் வயிற்றில். தோளில் மாட்டினால் முன் சீட்டுப் பாட்டியின் கொண்டையில். கடைசியில் இரண்டு காலுக்கும் நடுவில் நட்டுக்கொண்டு, நுனி தகரத்தரையைப் பார்க்க நின்றேன். கண்டக்டர், "ஏனுங்க, குடையில முட்டை கிட்டை வெச்சிருக்கீங்களா?" என்றார். வெள்ளகோவிலில் முருங்கைக் கட்டு ஏறியது, அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இருந்தும், யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று இவ்வளவு கவனமாக நான் எந்த பஸ்ஸிலும் பார்த்ததில்லை.

அக்கா அரிசியும் பருப்பும் சாதம் செய்து வைத்திருந்தாள், நெய் ஊற்றி. மாமா தட்டில் கை வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளை, அஜித் குமாரே 2022ல மாநிலப் போட்டிக்குத் திருச்சிலதான் சுட்டாரு. அவருக்குச் சரிப்பட்ட எடம் உங்களுக்குப் பத்தாதா?"

"அவருக்குக் கறவை மாடு இல்லீங்களே மாமா."

சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அதுவே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மாமா அதற்குள் ஓர் இடத்தில் பேசியே வைத்திருந்தார். இரண்டு நாள் தொடர்ச்சியாகத் தங்கிப் படிக்கலாம், காலை முதல் மாலை வரை, முடிந்ததும் சான்று. முறையான பயிற்சிதான், ஜெராக்ஸ் கடை மாதிரி இல்லை. பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பழக வேண்டும் என்றால் புதுக்கோட்டைப் பக்கம் போ, பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் ஊர் அது என்று அடுத்த யோசனையும் வந்தது. மாமாவை விட்டால் டெல்லிக்கே டிக்கெட் போட்டுவிடுவார்.

சாயங்காலம் அவர் தெருவில் ஒரு பெரியவரைப் பார்க்கக் கூட்டிப்போனார். மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். தூரத்தைப் பற்றிக் கேட்டேன். ரெண்டு நாளில் படிக்கலாமா, எட்டு வாரத்தில் படிக்க வேண்டுமா?

"ரெண்டு நாள்ல தலைக்கு ஏறும் தம்பி. கைக்கு ஏறாது" என்றார். "கைக்குப் பொழுதுக்கும் அதே வேலையைக் குடுத்துக்கிட்டே இருக்கோணும். பதினேழு வருசம் கழிச்சு நான் லீவுல வந்து எங்க மச்சான் ஊட்டுத் துப்பாக்கியை வாங்கினப்ப, பேசிக்கிட்டே இருக்கேன், கை தன்னால ஒடிச்சுப் பாத்துருச்சு. உள்ள ஒண்ணு கெடந்தது. அவுங்களுக்குத் தெரியவே தெரியாது." அவ்வளவு சொல்லிவிட்டுக் காபி ஆற்றினார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் விடிகாலையில் மாமா பைக்கில் மாயனூர் வரை கூட்டிப்போனார், திருச்சிக்கு ஏற்றிவிடுகிற நினைப்பில்தான். கதவணையில் காவிரி முட்டிக்கொண்டு நின்றது. ஆடிப்பெருக்குக்கு இன்னும் சில நாள்தான். பக்கத்தில்தான் மதுக்கரை செல்லாண்டியம்மன் கோயில். சேர, சோழ, பாண்டிய நாடுகளின் எல்லை கூடும் இடம் என்று வழிவழியாகச் சொல்லும் ஊர். அந்தப் பக்கம் சோழநாடு, இந்தப் பக்கம் கொங்கு. எல்லையில் நின்றுகொண்டு நான் விரல் விட்டு எண்ணினேன்.

காலைக் கறவை ஐந்தரைக்கு. சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஏழு மணிக்குப் பஸ். சாயங்காலக் கறவை நாலரைக்கு. நடுவில் இருப்பது ஒன்பதரை மணி நேரம். கோயம்புத்தூர் போக இரண்டே கால், வர இரண்டே கால், அங்கே மூன்று மணி நேரம் பயிற்சி, போக ஒரு டீக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நேரம் மிச்சம். திருச்சி எங்கள் தோட்டத்திலிருந்து 140 கிலோமீட்டர் இருக்கும். போய்வரவே பொழுது போய்விடும். தங்கினால் நாலு கறவை தவறும். பசுவுக்குக் கை மாறினால் பிடிக்காது. எங்கள் சிவலை என் மனைவி கைக்குக்கூட அரைக் குறையாகத்தான் சுரக்கும். ஒரு தடவை போகலாம். வாராவாரம் போக முடியாது. வாராவாரம் போக முடியாத இடத்தில் கைக்கு ஏறாது.

"என்ன மாப்ளை, பஸ் வருது" என்றார் மாமா.

வந்த பஸ்ஸை அனுப்பிவிட்டோம். அவருக்கு வருத்தம்தான். செல்லாண்டியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

நாலாம் நாள் – ஓடாநிலை

கரூரிலிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல், கொடுமுடி, சிவகிரி வழியாக அரச்சலூர் வந்து ஓடாநிலையில் இறங்கினேன். தீரன் சின்னமலை கோட்டை கட்டி இருந்த ஊர். 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு இங்கே மணிமண்டபத்தில் கூட்டம் கூடும், கட்சிக் கொடி எல்லாம் வரிசையாக வரும். நான் போன அன்று பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் அதிகம் இல்லை, காற்றுதான் அதிகம்.

எங்களுக்குச் சின்ன வயதில் சொன்ன கதைப்படி, சின்னமலை கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு மைசூருக்குப் போனார். திப்புவின் படையில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் அவர்கள் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள். திம்பம் மலையேறிப் போனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். நடந்தும் குதிரையிலும். என் 8, கோயம்புத்தூரின் 70, திருச்சியின் 140 எல்லாம் அந்தக் கணக்குக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. அவர்கள் வீட்டுக் கறவையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் எந்தக் கதையிலும் கேட்டதில்லை.

மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டு, இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க கரூர்ல நெய்ச் சோறு திங்கறப்ப சிவலையை யாரு கறந்தாங்கன்னு நெனச்சீங்க?" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். குடையைக் காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டேன். காங்கேயம் வரும்வரை யாரையும் சுடவில்லை.

ஐந்தாம் நாள் – வீடு

கோயம்புத்தூர் என்று முடிவாகிவிட்டது. எட்டுச் சனிக்கிழமை. மற்ற நாள்களில் வீட்டில் பழக ஒரு மூங்கில் கம்பை எடுத்து வைத்திருக்கிறேன், லைசென்ஸ் வரும்வரை அதுதான். அதைத் தோளில் சாத்திச் சுவரைப் பார்த்து நின்றபோது அம்மா, "மாங்கா பறிக்கற மாதிரி இருக்குது" என்றார்.

முதல் வேலையாகத் தோட்டா டப்பாவைத் துப்பாக்கி இருந்த பீரோவிலிருந்து எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது, சாவியும் ஒரே ஆணியில் தொங்கக் கூடாது. ஐயன் முனகினார். அறுபது வருடப் பழக்கம். "அவசரத்துக்கு எடுக்கறதுக்குள்ள விடிஞ்சுரும்" என்றார். என்ன அவசரம் என்று கேட்டேன். யோசித்தார். பன்றிக்கு வனத்துறை, நாய்க்குச் சட்டம், கிளிக்கு டப்பா தட்டினால் போதும். திருடன் வந்த சரித்திரம் எங்கள் வளவில் இல்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு கோயம்புத்தூரில் நடந்ததையெல்லாம் கேட்டார். அரை மில்லிமீட்டர் பொட்டை நம்பவில்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் நிற்பதைச் சொன்னபோது இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பெரியப்பா வளவு 150 மீட்டர், ரவை 200 மீட்டர் என்று சொன்னதும் எழுந்து வாசலுக்குப் போய் மேற்கு வேலியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெளிச்சப் பொட்டு கட்டில் காலைத் தொட்டுவிட்டது, மணி பத்தரை.

உள்ளே வந்தவர் ஓரமாகச் சாத்தியிருந்த குடையை எடுத்தார்.

"சனிக்கிழமை ஏழு மணி பஸ்ஸுல உக்கார எடம் இருக்குமா?"

"எதுக்குங்க?"

"நானும் ஒருக்கா வந்து பாக்கறன். படிக்கறதுக்கு இல்லை. சும்மா."

"உங்களுக்கு எதுக்குங்க ஐயா இந்த வயசுல அலைச்சல்?"

பதில் சொல்லவில்லை. குடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசாரத்தைக் கடந்து போனார், என் பையன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பாயைச் சுற்றி, நுனி தரையைப் பார்க்க.